பல்லி சொன்னால் விரலால் தட்டுவது ஏன்?

அந்தக் காலத்தில் பல்லி பேசும். சும்மா இல்லை, மணிக்கணக்கில் பேசும்! அணில், மைனா, எலி, எறும்பு எல்லாமே பேசிக்கொண்டிருந்த காலம்தான். ஆனாலும் மாடத்தி என்ற பல்லி வாயைத் திறந்துவிட்டால் மற்றவர்கள் எல்லாரும் ஊமைகள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது, அவள் பார்த்த வேலை அப்படி.

ஆற்றங்கரையில் ஒரு பெரிய மருதமரம் நின்றது. அதன் பொந்தில் எல்லாரும் சேர்ந்து ஒரு கடன் சங்கம் நடத்தினார்கள். விளைச்சல் காலத்தில் தானியத்தைக் கொண்டுவந்து போடுவார்கள், இல்லாதபோது கடன் வாங்குவார்கள். கணக்குப் பார்ப்பவள் மாடத்தி. பொந்தில் எவ்வளவு இருக்கிறது, வெளியே எவ்வளவு போயிருக்கிறது, அதில் திரும்பி வராதது எவ்வளவு, கோடைக்குத் தொடாமல் வைக்க வேண்டியது எவ்வளவு என்று உரக்கச் சொல்லி, கூட்டிக் கழித்து, கடைசியில்தான் "இவ்வளவு தரலாம்" என்பாள். நடுவில் யாராவது தும்மினால் போச்சு, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்! கடன் கேட்டு வந்த மைனா கிளையிலேயே தூங்கி விழுந்த கதையெல்லாம் உண்டு.

மாடத்திக்கும் அலுப்புதான். ஒருநாள் அவளுக்குப் பளிச்சென்று ஒன்று பட்டது. தானியத்தின் அளவுதானே மாறுகிறது? கூட்டிக் கழிக்கிற வழி என்றைக்கும் ஒன்றுதானே! அந்த வழியை ஒரு சின்னச் சத்தத்துக்குள் மடித்து வைத்தால் என்ன? மரத்தின் கிழக்குப் பக்கம் நின்று "ச்சு ச்சு" என்றால் எவ்வளவு தரலாம் என்ற கணக்கு. தெற்குப் பக்கம் நின்று சொன்னால் எவ்வளவு திரும்பி வராது என்ற கணக்கு. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒன்று. நாக்கைச் சொடுக்கியதும் விடை வந்து நின்றது. அடேயப்பா, அவளுக்கு வந்த சந்தோஷம்! ஆனால் வெளியே சொல்லப் பயம். தப்பாகிப் போனால் கோடையில் எல்லாரும் பட்டினி கிடக்க வேண்டுமே.

அந்த ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது பாருங்கள், அப்படியொரு மழை! அணில் பேச்சி நடுங்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

"யக்கா, வச்சிருந்த தானியமெல்லாம் ஆத்தோட போச்சு. பிள்ளைங்க அக்கரையில பட்டினியா கிடக்குதுங்க. பனந்தடிப் பாலத்தைத் தண்ணி தொடப்போகுது. சீக்கிரம் குடுங்க யக்கா!"

சங்கத் தலைவர் உடும்பு பொந்து வாசலை அடைத்துக்கொண்டு படுத்திருந்தார். "கணக்கைச் சொல்லு மாடத்தி. சொல்லாம ஒரு மணி நெல்லுகூட வெளிய போகாது. எல்லார் சேமிப்பும் உள்ள இருக்கு" என்றார். அதிலும் நியாயம் இருந்தது.

மாடத்தி மூச்சுவிடாமல் தொடங்கினாள். பாதி தாண்டியிருப்பாள், எலி தும்மித் தொலைத்தான்!

"இனி முதல்ல இருந்தா?" என்று பேச்சி கதறிவிட்டாள். ஆறு பாலத்தின் அடியை நக்கிக்கொண்டிருந்தது.

மாடத்தி மரத்தின் கிழக்குப் பக்கம் பாய்ந்தாள்.

"ச்சு ச்சு! ஆறு கதிர் தரலாம். எடுத்துட்டு ஓடு பேச்சி!"

"கணக்கு எங்க?" என்று சீறினார் உடும்பு.

"அந்தச் சத்தத்துக்குள்ளதான் இருக்கு தலைவரே. தினமும் நான் சொல்ற அதே கணக்கு, எதையும் விடலை. தப்பா இருந்தா என் பங்குல பிடிச்சுக்குங்க."

உடும்பு அசையவில்லை. பேச்சி விரலை மடக்கி மரத்தில் தட்டினாள். சங்கத்தில் சம்மதம் சொல்கிற முறை அது. மைனா அலகால் தட்டினாள். எலி வெட்கத்தோடு தட்டினான். எறும்புகள்கூடத் தட்டின! மரமே டக் டக்கென்று அதிர்ந்தது. உறுப்பினர் எல்லாரும் சம்மதித்த பிறகு தலைவர் என்ன செய்வார்? நகர்ந்தார்.

பேச்சி கதிர்களைக் கவ்விக்கொண்டு பாலத்தில் பறந்தாள். அவள் வால் அக்கரையைத் தொட்டதும் பனந்தடி புரண்டு வெள்ளத்தோடு போயிற்று. பிள்ளைகளின் கீச்சுச் சத்தம் இக்கரை வரைக்கும் கேட்டது.

"இப்ப முழுசாச் சொல்லு" என்றார் உடும்பு. மாடத்தி சொன்னாள். எலி மூக்கைப் பொத்திக்கொண்டான். மழை விட்ட நேரத்தில் கணக்கு முடிந்தது.

"ஆறு கதிர்!"

மரத்தில் எழுந்த கூச்சலைக் கேட்க வேண்டுமே! உடும்பு சிரித்துக்கொண்டே வாலால் ஓங்கித் தட்டினார்.

அப்புறம் யார் நீளக் கணக்கு கேட்பார்கள்? மாடத்தியின் நாக்கு அந்தச் சொடுக்கோடு நின்றுகொண்டது. பின்னாளில் எல்லா உயிர்களும் பேச்சை மறந்தன. அவள் பிள்ளைகள் அந்த ஒன்றை மட்டும் விடவில்லை.

இன்றைக்கும் ஏதாவது ஒரு கடன் சங்கத்துக்குள் போய்ப் பாருங்கள். எழுத்தர் கணினியில் ஒரு சின்னச் சொல்லைத் தட்டுவார், நீளக் கணக்கு முழுவதும் ஓடி விடை வந்து நிற்கும். டியூப் லைட் ஓரத்திலிருந்து பல்லி, எங்கள் வீட்டு வித்தையாக்கும் என்பதுபோல், "ச்சு ச்சு" என்னும்.

மருதமரத்தில் எல்லாரும் தட்டிய அன்று முதல்தான் பல்லி சொன்னால் நாம் பேச்சை நிறுத்தி, எந்தப் பக்கம் என்று பார்த்து, விரலை மடக்கித் தட்டுகிறோம். எந்தப் பக்கத்துக்கு எந்தக் கணக்கு என்பதுதான் மறந்துவிட்டது, சம்மதம் மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.