கடைசி வரிசைக்குக் கேட்டது

கடலோரக் கிரேக்க ஊர் ஒன்றில் அர்கியஸ் என்ற சரித்திர ஆசிரியர் இருந்தார். அவருடைய சீடர் லைகோனுக்கு வயது ஐம்பது. கம்பளி வியாபாரத்தை மகன்களிடம் விட்டுவிட்டு, நாற்பது வருஷத்துக்கு முந்தைய ஊர்ப் போரை எழுத வந்தவர். வியாபாரத்தில்கூட அவர் இவ்வளவு பாடுபட்டதில்லை என்று வீட்டில் சொன்னார்கள்.

எழுதி முடித்தாயிற்று. மறுநாள் திருவிழாவில் அதை ஊரார் முன் வாசிக்க வேண்டும். ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி.

"ஐயா, போருக்கு முன் தளபதி தெமார்க்கோஸ் வீரர்களிடம் பேசினார். என்ன பேசினார் என்று யாரும் குறித்து வைக்கவில்லை. பேசியிருக்கக்கூடியதை நானே எழுதிவிட்டேன். எல்லாரும் அப்படித்தானே செய்கிறார்கள். இருக்கலாமா?"

"எவ்வளவு?"

"சுருளில் மூன்று முழம்."

குரு சுருளை வாங்கிக்கொண்டு, போர் நடந்த கடற்கரைக்கு அவரை அழைத்துப் போனார்.

"தளபதி நின்ற மேடு இது. உம்முடைய பேச்சை நான் இங்கிருந்து வாசிக்கிறேன். கடைசி வரிசை நின்ற இடத்தில் போய் நில்லும்."

லைகோன் போய் நின்றார். காற்று காதை அடைத்தது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"எப்போது வாசிக்கப் போகிறீர்கள், ஐயா?"

"வாசித்து முடித்துவிட்டேன்."

லைகோன் சிரித்தார். உள்ளுக்குள் கொஞ்சம் வலித்தது. அந்த மூன்று முழம் அவருக்கு மிகவும் பிடித்த இடம்.

"அன்று இங்கே நின்றவர் யாராவது இருக்கிறார்களா?" என்றார் குரு.

"படகோட்டி தோரியன் இருக்கிறார்."

"அவரைக் கேளும்."

மாலையில் லைகோன் படகுத்துறையிலிருந்து குருவின் வீட்டுக்கு வந்தார். தளபதியின் பேச்சு முழுவதையும் சுருளிலிருந்து ஈரக் கடற்பஞ்சால் துடைத்திருந்தார். அந்த இடத்தில் புதிதாக எழுதியதை வாசித்தார்.

"தெமார்க்கோஸ் பேசியது கடைசி வரிசைக்குக் கேட்கவில்லை. அங்கே ஒருவர் பக்கத்தில் நின்ற தோரியனிடம், செருப்பு வார் அவிழ்ந்திருக்கிறது, கட்டிக்கொள் என்றார். தோரியன் குனிந்தார். அப்போது முதல் அம்பு வந்தது. சொன்னவர் விழுந்தார்."

"தோரியன் வேறென்ன சொன்னார்?"

"பேரன் பேத்தி எல்லாம் பார்த்துவிட்டேன், அத்தனையும் அந்த மனுஷன் கொடுத்தது என்றார். சந்தோஷமாகத்தான் சொன்னார். எனக்கும் மனசு நிறைந்துவிட்டது, ஐயா. நாளை இதை வாசிக்கலாமா?"

"தாராளமாக. நன்றாக வந்திருக்கிறது. தளபதி பெயர் இருக்கிறது, தோரியன் பெயர் இருக்கிறது. செருப்பைக் கட்டச் சொன்னவர் பெயர் என்ன?"

லைகோன் வாசலில் குனிந்து தன் செருப்பு வாரைக் கட்டிக்கொண்டு, மறுபடியும் படகுத்துறைக்கு நடந்தார்.