பல் பட்ட கொய்யா

கொய்யாக்காட்டு அணில்களுக்குப் பழத்துக்குக் குறைவில்லை. பஞ்சுதான் கிடையாது. இலவ மரங்கள் எல்லாம் ஆற்றுக்கு அக்கரையில், முயல்களின் காட்டில் நின்றன. மழைக்கு முன் பஞ்சு வராவிட்டால், அணில்களின் தலைவி மின்னி ஈனப்போகும் குட்டிகள் ஈரக் கூட்டில்தான் கண் விழிக்கும்.

ஆகவே பஞ்சுக்கு மாற்றாக அவள் ஆமையின் முதுகில் பத்துக் கூடை கொய்யா ஏற்றி முயல்களுக்கு அனுப்பினாள். பத்தும் திரும்பி வந்தன.

"ஏன் அண்ணே?"

"வேண்டாமாம்," என்றது ஆமை. அதற்குமேல் பேசி அதற்குப் பழக்கமில்லை.

மின்னி ஓணானிடம் யோசனை கேட்டாள். எதற்கும் தலையாட்டுவதால் அதற்கு அறிஞன் என்று பெயர்.

"பயணம் மெதுவோ?"

ஓணான் தலையாட்டியது. நான்கு அணில்கள் ஆமையின் பின்னால் தொங்கித் தண்ணீரை உதைப்பதென்று முடிவாயிற்று.

"ஒரு கூடைப் பஞ்சுக்கு இரண்டு கூடைப் பழமாகக் கொடுப்போமா?"

தலையாட்டியது.

"கூடைக்குப் பூச்சூட்டலாமா?"

இதற்கு ஆட்டம் பலமாகவே இருந்தது.

பூச்சூடிய இருபது கூடைகள் விரைந்து போயின; அதைவிட விரைந்து திரும்பின. வானம் கறுத்தது.

மறுநாள் மின்னியே ஆமை மேல் ஏறிப் போனாள். அக்கரையில் ஒரு கிழட்டு முயல் பழத்தை முகர்ந்துவிட்டு மீசையைத் துடைத்துக்கொண்டது.

"இதில் பல் பட்டிருக்கிறதே, அம்மா?"

"பின்னே? ஒவ்வொன்றையும் கடித்துப் பார்த்து, இனித்ததை மட்டும்தான் அனுப்புகிறோம். எங்கள் காட்டில் கடிக்காத பழத்தை விருந்தாளிக்குக் கொடுத்தால் சண்டை வரும்."

"எங்கள் காட்டில் கடித்ததைக் கொடுத்தால் வரும். யார் எச்சிலோ!"

மின்னிக்கு வால் முழுவதும் சிலிர்த்தது. மரியாதை என்று நினைத்து இருபது கூடை எச்சிலை அல்லவா அனுப்பியிருக்கிறாள்! அதற்குப் பூ வேறு!

"பல் படாமல் அனுப்பினால்?"

"பஞ்சு மூட்டை கட்டியே இருக்கிறது."

அன்றே கட்டளை பிறந்தது: முகரலாம், கடிக்கக் கூடாது. ஆனால் பழத்தைக் கண்டதும் பல் தானாக முன்னால் போயிற்று. கடைசியில் ஒவ்வோர் அணிலும் வாயில் ஒரு குச்சியைக் கவ்விக்கொண்டு கூடை நிரப்பியது. கடிக்கவும் முடியவில்லை, பேசவும் முடியவில்லை. மூன்று நாள் வேலை ஒரே பொழுதில் முடிந்தது!

முதல் தூறல் விழுந்தபோது மின்னியும் மூன்று குட்டிகளும் பஞ்சுக்குள் புதைந்து கிடந்தார்கள். ஓணான் எட்டிப் பார்த்தது.

"எல்லாம் உங்கள் யோசனைதானே, ஐயா?" என்றாள் மின்னி.

ஓணான் தலையாட்டியது.

விலையைக் குறைப்பதற்கும் வேகத்தைக் கூட்டுவதற்கும் முன்னால், வாங்குகிறவருக்கு என்ன வேண்டும் என்று அவரிடமே போய்க் கேட்க வேண்டும்.