சக்கரத்துக்குப் பின்னால் ஒரு கட்டை

கிணற்றுக்குள் சால் என்னும் தோல்வாளியை இறக்கி, மாடுகளைச் சரிவில் ஓட்டி நீர் இறைப்பதைக் கவலை ஓட்டுவது என்பார்கள். பொன்னான் இருபத்திரண்டு வருஷம் ஒரே பண்ணையில் கவலை ஓட்டினார். மலையிலிருந்து மின்கம்பி இறங்கி வந்த வருஷம், பண்ணைக்காரர் கிணற்றில் மோட்டார் வைத்தார். மாடுகளையும் பொன்னானையும் ஒரே வாரத்தில் அனுப்பினார். மாடுகளுக்கு விலை கிடைத்தது. பொன்னானுக்குப் பஞ்சாலையில் வேலை கிடைத்தது.

அங்கே அவருக்கு ஒரு குரு வாய்த்தாள். நூல் சுற்றும் பகுதியில் வேலை செய்த மாராத்தாள். துண்டுப் பிரசுரங்களை எழுத்துக்கூட்டியே படிக்கக் கற்றவள். அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். அவர் அவளை அக்கா என்பார். அவள் அவரை அண்ணா என்பாள். ஆலையில் அது ஒரு வேடிக்கை.

மதியச் சோற்றுக்கு அந்த ஆலையில் இயந்திரம் நிற்காது. ஒரு கை அறுந்த இழையை முடிச்சுப் போடும். மறு கை வாய்க்குப் போகும். அரைமணி நேரம் நிறுத்தித் தரும்படி கேட்டார்கள். வியாழக்கிழமை ஒரே ஒரு ஆள் வந்து பேசட்டும் என்றார் மேனேஜர். பொய் பேசத் தெரியாத மனிதர் என்று எல்லோரும் பொன்னானை அனுப்பினார்கள்.

இரண்டு வியாழக்கிழமை போனார். இரண்டு முறையும் பேசாமல் திரும்பினார்.

"மூணாவது வியாழனும் ஆள் வரலைன்னா, கோரிக்கையே இல்லைன்னு எழுதிக்குவாராம். வேற ஆளை அனுப்பிருங்க அக்கா."

"உள்ளே என்ன நடந்துச்சுங்க அண்ணா?"

"உள்ளேயே போகலீங்களே. கதவுகிட்டப் போனதும் தோள்துண்டு தானா இடுப்புக்கு வந்துருது. கால் தானாப் பின்னால போகுது. பண்ணைக்காரர் வாசல்ல முதுகு காட்டாம நடந்து பழகின காலுங்க."

மாராத்தாள் அவர் காலைப் பார்த்தாள்.

"இதுக்கு மருந்து இல்லீங்களா அக்கா?"

"வாங்க" என்று எழுந்தாள்.

பஞ்சுப் பொதி இறக்கும் முற்றத்துக்குக் கூட்டிப்போனாள். அங்கே, பண்ணை மாடுகளை வாங்கிய வண்டிக்காரர் ராவுத்தரின் வண்டி நின்றது. வண்டியில் பூட்டியிருந்த மயிலைக் காளையும் செவலைக் காளையும் பொன்னானைப் பார்த்துக் காதை ஆட்டின.

"ராவுத்தரே, இதுக புதுசா வந்தப்ப என்ன பண்ணுச்சு? அண்ணனுக்குச் சொல்லுங்க."

"அதை ஏன் கேக்கறீங்க. அம்பது அடி நடக்கும். நிக்கும். அப்புறம் வண்டியையும் தள்ளிக்கிட்டுப் பின்பக்கமாவே நடந்து வரும். ரோட்டுல போறவன் பூராச் சிரிச்சான்."

பொன்னான் சிரிக்கவில்லை. கவலைச் சரிவு ஐம்பது அடி நீளம். மாடு முன்னால் இறங்கினால் சால் மேலே வரும். பின்னாலேயே ஏறினால் சால் கிணற்றுக்குள் போகும். அதைப் பழக்கியவரே அவர்தான்.

"அடிச்சீங்களா?" என்று கேட்டார்.

"அடிச்சேன். இன்னும் வேகமாப் பின்னால வந்துச்சு."

"அப்புறம்?"

"நிக்கிற எடத்துல சக்கரத்துக்குப் பின்னால ஒரு கட்டையைப் போட்டேன். பின்னால வர முடியல. கொஞ்ச நேரம் யோசிச்சுது. முன்னால போயிருச்சு. எட்டு நாள்ல பழசெல்லாம் மறந்துருச்சு."

திரும்பும் வழியில் பொன்னான், "நான் மருந்து கேட்டேனுங்களே" என்றார்.

"வியாழக்கிழமை நீங்களே போங்க" என்றாள் அவள்.

வியாழன் மூன்று மணிக்கு ஷிப்டு முடிந்தது. பொன்னான் தனியாக வராந்தாவில் ஏறினார். கதவருகே நின்றார். துண்டு இடுப்புக்கு வந்துவிட்டது. இடது கால் பின்னால் போனது.

குதிகால் யாருடைய விரலையோ மிதித்தது.

"பார்த்துங்க அண்ணா" என்றது ஒரு குரல்.

திரும்பினார். நூல் சுற்றும் பெண்கள் நாற்பது பேர், கையில் சோற்றுத் தூக்குப்போசியோடு, வராந்தாவை அடைத்து நின்றார்கள். யாரும் அவரைத் தள்ளவில்லை. யாரும் நகரவும் இல்லை. கடைசி வரிசையில் மாராத்தாள் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொன்னான் கொஞ்ச நேரம் யோசித்தார். துண்டை எடுத்துத் தோளில் போட்டார். உள்ளே போனார்.

"நாங்க உக்காந்து சாப்பிடணுமுங்க. அதுக்கு அரைமணி மில்லு நிக்கணும்" என்றார்.

மேனேஜர் அவர் தோளுக்கு மேலாக வராந்தாவை வெகுநேரம் பார்த்தார்.

அடுத்த திங்கட்கிழமை மதியம் இயந்திரங்கள் நின்றன. மெல்லும் சத்தம்கூடக் கேட்டது. வேப்பமரத்தடியில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். மாராத்தாள் பொன்னானின் கம்மஞ்சோற்றில் தன் மோரை ஊற்றினாள்.

"ஏனுங்க அக்கா, மேனேஜர் ஒரு ஆளைத்தானே வரச் சொன்னாரு?"

"உள்ளே நீங்க ஒரு ஆள்தானே போனீங்க."

பொன்னான் சிரித்தார். இரண்டு வாய் சாப்பிட்டபின் மறுபடி கேட்டார்.

"மாட்டுக்கு ஒரு கட்டை போதும்னாரு ராவுத்தர். எனக்கு மட்டும் நாப்பது பேரா?"

மாராத்தாள் விரலை வழித்து நக்கினாள்.

"மாட்டைப் பழக்கினது நீங்க ஒருத்தருதானுங்க அண்ணா. உங்களைப் பழக்கினது எத்தனை பேரு?"

பொன்னான் எண்ணத் தொடங்கினார். அரைமணி முடிந்து இயந்திரங்கள் ஓடத் தொடங்கியபோதும் எண்ணி முடிக்கவில்லை.