கஞ்சிக்கு உப்பு

கடலோர ஊர்களில் தொடங்கிய கொள்ளைநோய், அந்தக் கோடையில் சியன்னா நகரத்தையும் தாண்டிக் குன்றின் மேலிருந்த மடத்துக்கு வந்துவிட்டது.

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. குரு நோயில் படுத்தால் சீடன்தான் அவர் காலைக் கழுவிவிட வேண்டும். அந்தக் கோடையில் கழுவப் போன சீடர்கள் எல்லோரும் தங்கள் குருவுக்குப் பக்கத்திலேயே புதைக்கப்பட்டார்கள்.

நகரத்து நோயாளிகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிய துறவி உபால்தோ, வழியிலேயே தன் அக்குளைத் தடவிப் பார்த்தார். கொள்ளைநோயின் கட்டி. மடத்துக்குள் வராமல், நேரே ஆலிவ் தோப்புக் குடிசைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அவருடைய சீடர் ரனியேரி. துணி வியாபாரத்தை விட்டுவிட்டுத் தலை நரைத்த பிறகு மடத்துக்கு வந்தவர்; குருவைவிட வயதில் மூத்தவர். மறுநாள் ஒரு கையில் கஞ்சியும் மறு கையில் தண்ணீருமாகத் தோப்பில் வந்து நின்றார்.

"சுவாமி, கால் கழுவ வந்திருக்கிறேன்."

"கஞ்சியை அந்தக் கல் மேல் வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நில்லும்."

குரு வெளியே வந்து கஞ்சியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் குரல் வந்தது.

"என்ன ஓய் இது, உப்பே இல்லை! என்றைக்கு உப்பு சரியாக இருக்கிறதோ, அன்றைக்கு உம்மை உள்ளே விடுகிறேன்."

குருவின் சொல்லை மீறுவதில்லை என்று சத்தியம் செய்தவர் ரனியேரி. திரும்பிப் போனார்.

மறுநாள், "ஐயோ, ஒரே கரிப்பு!" அதற்கு மறுநாள் மறுபடியும் சப்பென்று இருந்ததாம்.

"இத்தனை வருஷம் துணி அளந்த கைக்கு உப்பு அளக்கத் தெரியவில்லையே!" குடிசைக்குள் சிரிப்பு. சிரித்து முடிப்பதற்குள் மூச்சு வாங்கியது.

மடத்தில் எல்லோரும் அதே கஞ்சியைத்தான் குடித்தார்கள். யாரும் குறை சொல்லவில்லை. ரனியேரியும் ஒரு கிண்ணம் ஊற்றி, நின்றபடியே குடித்துப் பார்த்தார்.

அன்று அவர் கஞ்சியைக் கல் மேல் வைக்கவில்லை.

"சுவாமி, உப்பு சரியாக இருக்கிறது. முதல் நாளும் சரியாகத்தான் இருந்தது."

ரனியேரி கதவை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்தார்.

"காலைக் கழுவாமல் வெளியே நிற்கிறவன் என்ன சீடன்? பயந்தவன் என்றுதானே ஆகும்?"

"பயந்தவனா தினமும் வந்து திட்டு வாங்கிக்கொண்டு போகிறான்?" என்றது உள்ளிருந்து குரல்.

ரனியேரி கஞ்சியைக் கல் மேல் வைத்தார். பக்கத்தில் தண்ணீரையும் வைத்தார். தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

"நாளைக்கு உப்பு எவ்வளவு போடட்டும், சுவாமி?"

"எவ்வளவு போட்டாலும் சரியாக இருக்காது," என்றார் குரு. "கொண்டு வாரும்."