எருமைக்கு வந்த பளபளப்பு ஆசை

காட்டோரக் குட்டையில் ஓர் எருமை சேற்றில் புரண்டுகொண்டிருந்தது. உடம்பில் சேறு இருக்கும்வரை வெயில் சுடாது, ஈ கடிக்காது. தப்பித்தவறி ஏறும் உண்ணிகளை முதுகில் நிற்கும் கொக்கு கொத்தித் தின்றுவிடும். இவ்வளவு சொகுசு போதாதென்று, எருமைக்கு அழகாக வேண்டுமென்ற ஆசை வந்தது!

சுற்றுலா வண்டியில் திருடிய பளபளப்புக் களிம்பு டப்பாவோடு ஒரு குரங்கு அங்கே வந்தது.

"சீச்சீ, சேத்தையா பூசுறே? இதைப் பூசு! பூமிக்கடியில தோண்டி எடுக்கிற எண்ணெயில செஞ்சது. லாரியே அந்த எண்ணெயிலதான் ஓடுது!"

"நீ என்ன லாரியா?" என்று எருமையைக் கேட்டது கொக்கு.

"உனக்குப் பொறாமை!" என்றது எருமை.

"ஆனா ஒண்ணு, இனிமே உன் முதுகு எனக்குத்தான். கொக்கு இறங்கணும்!" என்றது குரங்கு.

எருமை கொஞ்சமும் யோசிக்கவில்லை. இத்தனை நாள் உண்ணி பொறுக்கிய கொக்கை வாலால் அடித்து விரட்டியது. நன்றி கெட்ட ஜென்மம்!

குரங்கு டப்பாவை வழித்து வழித்துப் பூசியது. எருமை மினுமினுத்தது. குட்டைத் தண்ணீரில் தன் அழகைப் பார்த்துப் பல்லை இளித்தது. குரங்கு ஜம்மென்று முதுகில் தாவியது. தாவிய வேகத்தில் வழுக்கி முட்புதரில் விழுந்தது.

வெயில் ஏறியது. எருமையின் தோல் காந்தியது. "ஐயோ, எரியுதே!" என்று அலறிச் சேற்றில் பாய்ந்தது. சேறு ஒட்டினால்தானே! பூசப் பூச வழுக்கி இறங்கியது. முதுகு கொப்பளித்தது, ஈக்கள் மொய்த்தன.

கொக்கு கரையில் நின்றபடி கேட்டது: "குரங்கே, உன் மூஞ்சிதான் வெயில்ல வெடிச்சுக் கிடக்குதே! நீ ஏன் பூசிக்கலை?"

"நானா?" என்றது முள் பிடுங்கிக்கொண்டிருந்த குரங்கு. "ரோமமெல்லாம் பிசுபிசுன்னு ஒட்டிக்குமே!"

எருமை வாயைப் பிளந்தது.

"போய்ப் புழுதியில புரளு. பிசுக்கு போனப்புறம் சேத்துல இறங்கு," என்றது கொக்கு.

வெந்த தோலோடு எருமை புழுதியில் புரண்டது. வலி உயிரைப் பிடுங்கியது. கடைசியில் சேறு ஒட்டியது. "வா கொக்கே, முதுகுல ஏறிக்கோ!" என்று குழைந்தது.

"பன்றி முதுகுல வேலை இருக்கு. முடிஞ்சா பார்க்கலாம்!" என்று கொக்கு பறந்துபோனது.

தான் பூசிக்கொள்ளாததைப் பிறர்மேல் பூச வருபவனை நம்பி, காலடியிலிருக்கும் நல்ல மருந்தை உதறுபவருக்குத் தோலும் மிஞ்சாது, துணையும் மிஞ்சாது.