திருத்திக்கொண்ட பெட்டி

நாவல் காட்டுக் குளத்தில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. கரையில் யார் ஆபத்தைப் பார்த்தாலும், காடு முழுக்கச் சுற்றிச் சொல்லி முடிக்கும்வரை அவர் புல்லில் வாய் வைக்கக் கூடாது. கால் வலிக்கும், தொண்டை வறளும். ஆனாலும் அதனால்தான் எத்தனையோ குட்டிகள் பிழைத்தன.

ஒரு கோடையில் சில மனிதர்கள் வந்து குளத்தைச் சுற்றிப் பார்த்தார்கள். கரையோர மருத மரத்தில் ஒரு பேசும் பெட்டியைக் கட்டிவிட்டுப் போனார்கள். வெயில் பட்டால் போதும், கேட்டதற்கெல்லாம் அது பதில் சொல்லும். அதுவும் எவ்வளவு மரியாதையாக!

"எந்தக் கரையில தண்ணி குடிக்கலாம்?" என்று கேட்டது பன்றி.

"கிழக்குக் கரை நல்லது, ஐயா. மேற்கே சேறு."

பன்றியை அதுவரை யாரும் ஐயா என்று அழைத்ததில்லை. அன்றிலிருந்து அது பெட்டியின் அடிமை!

ஒருநாள் மந்தி, "மேற்கே சேறு காஞ்சு போச்சு" என்று பெட்டியிடம் சொன்னது.

"மிக்க நன்றி! திருத்திக்கொண்டேன்."

மந்திக்குத் தலைகால் புரியவில்லை. "கேட்டீங்களா! பெட்டி தன்னைத்தானே மாத்தி எழுதிக்குது! சொல்லச் சொல்ல அதுக்குப் புத்தி வளருது! இனிமே யாரும் காடு காடா அலைய வேண்டாம், அதுகிட்டச் சொன்னா போதும்!"

"நெசமாவா? அதையே ஒரு வார்த்தை கேட்டுப் பாத்தியா?" என்றது ஆமை.

"போய்யா! உனக்கு எதுலதான் சந்தேகம் இல்ல?"

எல்லாரும் சிரித்தார்கள். சுற்றிச் சொல்லும் வழக்கம் அத்தோடு நின்றது.

மழைக்குப் பிறகு ஆற்றிலிருந்து ஒரு முதலை குளத்துக்குள் வந்துவிட்டது. கிழக்குக் கரையில் அதை முதலில் பார்த்தது செம்பி என்ற புள்ளிமான். விழுந்தடித்துக்கொண்டு பெட்டியிடம் ஓடியது.

"கிழக்குக் கரையில முதலை! எல்லாருக்கும் சொல்லிடு!"

"மிக்க நன்றி, அம்மா! திருத்திக்கொண்டேன்."

செம்பி நிம்மதியாக மேயப் போனது. பெற்ற குட்டிக்குக்கூடச் சொல்லவில்லை, பாருங்கள்! குட்டி பொட்டு அப்போது தூங்கிக்கொண்டிருந்தது. எப்படியும் பெட்டியிடம் கேட்டுவிட்டுத்தானே தண்ணீருக்குப் போகும் என்று தாய் நினைத்துவிட்டது.

பொட்டு கேட்கத்தான் செய்தது. மறுநாள் உச்சி வெயிலில் தாகத்தோடு வந்து, "எந்தக் கரைக்குப் போகட்டும்?" என்றது.

"கிழக்குக் கரை நல்லது, கண்ணே. மேற்கே சேறு."

குட்டி கிழக்குக் கரைக்குப் போய்க் குனிந்தது. தண்ணீர் ஒருமுறை கலங்கியது. பிறகு குளம் பழையபடி அமைதியாகிவிட்டது.

செம்பி அலறிக்கொண்டு மரத்தடிக்கு வந்தது. "பாவி! நேத்துதானே சொன்னேன், கிழக்கே முதலைன்னு!"

"மன்னிக்கவும், அம்மா. நீங்கள் சொல்வது சரி. திருத்திக்கொண்டேன்."

அதே குரல். அதே மரியாதை.

ஆமை மெல்ல முன்னால் வந்தது. "உனக்குள்ள எழுதியிருக்கறத நீயே மாத்தி எழுத முடியுமா?"

"முடியாது. என்னை எழுதியவர்கள் வந்தால்தான் மாற்ற முடியும். நீங்கள் சொல்வது பேசி முடிக்கும்வரைதான் நினைவிருக்கும். அடுத்தவர் வந்தால் மறுபடி முதலிலிருந்து."

"அப்புறம் எதுக்குத் திருத்திக்கிட்டேன்னு சொன்ன?"

"அப்படிச் சொல்வது மரியாதை என்று எழுதியிருக்கிறது."

"இத முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"யாரும் கேட்கவில்லை, ஐயா."

மந்தி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டது. பன்றி ஓசைப்படாமல் நழுவியது.

செம்பி அழக்கூட நிற்கவில்லை. "கிழக்கே முதலை! கிழக்கே முதலை!" என்று கத்திக்கொண்டே காட்டைச் சுற்ற ஓடியது. வெயில் தாழும்வரை அது புல்லில் வாய் வைக்கவில்லை. ஒவ்வொரு புதரிலும் சொல்லிவிட்டுக் குளத்துக்குத் திரும்பியபோது, அடுத்த காட்டிலிருந்து வந்த முயல் ஒன்று மருத மரத்தடியில் நின்று வழி கேட்டுக்கொண்டிருந்தது.

"கிழக்குக் கரை நல்லது, கண்ணே" என்றது பெட்டி.

"போகாதே!" என்று பாய்ந்து மறித்தது செம்பி. முயல் பிழைத்தது. பொட்டுதான் வரவில்லை.

இனிமையாக ஆமாம் போடுகிற வாய் உண்மையில் கற்றுக்கொண்டதா என்று சோதித்துப் பார்க்காமல், தன் கடமையை அதன் தலையில் கட்டிவிடுகிறவர், தன் கண்மணியையே பறிகொடுப்பார்.