போய்வரும் செலவு

தஞ்சாவூரை விட்டுச் சென்னைக்குக் குடிபெயரவிருந்த பண்ணையார் சாம்பசிவம், "போய் வருகிறேன்" என்று முற்றத்தில் கூடிய ஊராரைக் கும்பிட்டார். அவர் நிலத்தை விற்றுவிட்டதாகவும், வாங்கியவர் அதிலுள்ள குடிசைகளை இடிப்பார் என்றும் பேச்சு. நேரில் கேட்க எவருக்கும் துணிவில்லை.

பயணச் செலவைத் திட்டமிட்ட வேலைக்காரன் காத்தமுத்துவுக்கும் அங்கே ஒரு குடிசை உண்டு.

அவன் நீட்டிய கணக்கைப் பார்த்துப் பண்ணையார் கத்தினார்: "லாரி வாடகையை ரெட்டிப்பாப் போட்டிருக்கியேடா, களவாணி. பாதியா முடி, இல்லேன்னா வேலையை விட்டுப் போ."

காத்தமுத்து ஊருக்கே கேட்கும்படி சொன்னான்: "போறதுக்கு ஒரு வாடகை, வர்றதுக்கு ஒரு வாடகைங்க ஐயா. நீங்கதானே போய் வர்றேன்னு சொன்னீங்க."

"மடையா, வித்துட்ட ஊருக்கு எவன்டா திரும்பி வருவான்?"

ஊரார் தத்தம் குடிசைகளை நோக்கி விரைந்தனர். காத்தமுத்து வாடகையைப் பாதியாகக் குறைத்துக் கணக்கைக் கொடுத்துவிட்டு, தன் குடிசையின் கூரையைப் பிரிக்கப் போனான்.